கட்டுத்தாரையில் கிடந்து நான் பிரித்துக் கட்டிய புல்லட், 6 வருஷம் கழித்து: பெட்ரோல் டேங்க்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்

போன வாரம் மச்சான் போன் செய்தான். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய புல்லட் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறதாம், பழைய இரும்பு விலைக்கே தருகிறார்களாம். "உன்னை மாதிரி நானும் வீட்டிலேயே பிரிச்சுக் கட்டிக்கலாம்னு இருக்கேன் மச்சா, என்ன சொல்ற?" என்றான். அன்று காலையில்தான் என் வண்டியின் பெட்ரோல் டேங்க்கை மூன்றாவது முறையாகக் கழற்றித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தேன். கையெல்லாம் வினிகர் வாடை. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது கடைசியில் வருகிறது. ஏன் சொன்னேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1984 மாடல், 350 சி.சி., பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போய்வர அப்புச்சி வாங்கியது. அவர் போன பிறகு தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தாரையில், தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் 14 வருஷம் நின்றது. 2017 பொங்கலுக்கு வெளியே இழுத்தேன். 2019 ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து ஓட்டினேன். பழைய காலத்துத் தோற்றத்துக்காக ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், பின்னால் கேரியர், 19 இஞ்ச் ஸ்போக் சக்கரங்கள், சின்ன டெயில் லைட். சேஸிஸில் ரம்பம் படவில்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு வைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைத் தாண்டி எதையாவது வெட்டி ஒட்டினால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வோம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

எஞ்சின் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 90. பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்குகிற எஞ்சின் என்பதால் வேகம் கேட்காது, நிதானம் கேட்கும். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டதும் கிராங்க் தண்டு சரிபார்த்ததும் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில். பம்பு மோட்டாருக்குத் தண்டு கடைந்து பழகிய கை, ஒரு இழை பிசகவில்லை. கிடைக்காத உருப்படிகளுக்கு உக்கடத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். கோயமுத்தூரைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு இந்த வேலை ஓரளவு ரத்தத்திலேயே இருக்கிறது. கலங்கல் கிராமத்தில் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது எங்கள் பக்கம் எல்லாக் குழந்தைக்கும் சொல்கிற கதை. 

எனக்குக் கிடைத்த எதிர்பாராத சந்தோஷம் ஸ்டார்ட் செய்கிற அந்த அரை நிமிஷம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன ஸ்விட்ச்தான் பாயிண்ட். அது மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு இம்மி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. தொண்ணூறு கிலோ ஆள் எகிறிக் குதிக்க வேண்டியதில்லை, என் மகள் அவள் பதினைந்தாவது வயதில் மிதித்துக் கிளப்பினாள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

இத்தனையும் சரி. டேங்க் மட்டும்தான் என்னை நிம்மதியாக விடவில்லை.

14 வருஷம் பாதி பெட்ரோலோடு நின்ற டேங்க்கின் உள்ளே செங்கல் நிறத்தில் துரு. புது டேங்க் வாங்கி மாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அந்த டேங்க்கில் இருந்த தங்கநிறக் கோடு, தொழிற்சாலையில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தது. வண்டியில் மற்ற எல்லாவற்றுக்கும் பெயின்ட் புதிது. அப்புச்சி துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பு மங்கிய அந்தக் கறுப்பும் அந்தக் கோடும் மட்டும்தான் பழசு. அதை விட எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

2018இல் துருவை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிற கோட்டிங் போட்டேன். கடைக்காரர், "பெட்ரோல்ல ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

2022 டிசம்பரில் சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலை ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை தாண்டியதும் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. பத்து நிமிஷம் கழித்து மிதித்தால் ஒரே மிதியில் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. புலிகள் காப்பகம், இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ள பாதை, பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது. சூடானால் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது என்றால் யாராக இருந்தாலும், பாயிண்ட்டோடு சேர்ந்த சின்ன மின் உறுப்பான கண்டென்சர் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். வந்ததும் கண்டென்சர் மாற்றினேன். அப்புறம் பாயிண்ட். அப்புறம் காயில், பிளக், பிளக் ஒயர். நாலு மாதமும் ஏழாயிரம் ரூபாயும் போயின. சமதரையில் தாராபுரம் ரோட்டில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மேடு ஏறும்போது மட்டும் நிற்கும்.

கடைசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடக்கூட இல்லை. "பெட்ரோல் டேப்புல இருந்து டியூபைப் புடுங்கி ஒரு பாட்டில்ல உடுங்க தம்பி" என்றார். முதலில் குபுகுபுவென்று விழுந்த பெட்ரோல், கொஞ்ச நேரத்தில் நூல் மாதிரி ஆகி, சொட்டாகிவிட்டது. மூடியைத் திறந்து வைத்தும் அப்படித்தான், ஆகவே மூடியின் காற்றுத் துளை காரணமில்லை. டேப்பைக் கழற்றினால் அதன் சல்லடை முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய ஏடு. கோட்டிங் உரிந்திருந்தது. நின்று ஆறுகிற பத்து நிமிஷத்தில் கார்ப்பரேட்டர் கிண்ணம் மெல்ல நிரம்பும், அந்தக் கிண்ணம் தீரும்வரை வண்டி ஓடும், அவ்வளவுதான். மேட்டில் எஞ்சின் அதிகம் குடிப்பதால் அங்கே சீக்கிரம் தீர்ந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மின்சாரப் பக்கம் காசு கொட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து இந்த பாட்டில் சோதனையைச் செய்யுங்கள்.

நியாயமாகப் பேசினால், கோட்டிங்கை மட்டும் திட்ட முடியாது. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. சில பழைய வகைப் பூச்சுகளையும் பழைய ரப்பரையும் எத்தனால் இளக்கிவிடும். அது ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் போனால் பிரிந்து அடியில் தங்கும், டேங்க்கின் அடியில் உள்ள இரண்டு குழிகளில் டேப் இல்லாத பக்கத்துக் குழியில் தங்குவதை டேங்க்கைக் கழற்றாமல் வெளியே எடுக்க வழியே இல்லை. போதாததற்கு, பூசும் முன் நான் டேங்க்கை முழுசாகக் காயவிட்டேனா என்றும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் ஆயுசுக்கும் என்று சொல்லி விற்றவரிடம் உரிந்த ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "நீங்க பூசினது சரியில்லைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

உரித்தெடுப்பது பூசுவதைவிடப் பத்து மடங்கு வேலை. அசிட்டோன் ஊற்றி, 40 சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கி, 40ஐயும் எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை தூக்கம் இல்லை. வெளிப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் தாள் சுற்றித்தான் செய்தேன். வாய்ப்பக்கம் ஒரு சொட்டு வழிந்தது. துடைப்பதற்குள் தங்கக் கோட்டில் கட்டைவிரல் அகலம் போய்விட்டது. அன்று சாப்பிடவில்லை.

அதே டேங்க்கில் விலை கூடிய வேறு கோட்டிங் போட்டேன். இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. 2024இல் அதையும் உரித்துவிட்டு, இனி பூச்சே வேண்டாம் என்று வெறும் தகடாக விட்டேன். வினிகர் இரண்டு நாள் ஊறல், சமையல் சோடாத் தண்ணீரில் அலசல், ஹேர் டிரையரால் உலர்த்தல், உடனே உள்ளே எண்ணெய் தடவிப் பெட்ரோல் நிரப்பல். டேங்க் நிறைந்தே இருந்தால் இது நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் மஞ்சள் அறுவடை, வேக வைப்பு என்று இரண்டு மாதம் பாதி டேங்க்கோடு நிறுத்திவிட்டேன். மூடியைத் திறந்தால் செங்கல் நிறம். அதற்காகத்தான் போன வாரத்து வினிகர்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் செய்கிற ஒருவர் எவர்சில்வரில் அதே வடிவத்தில் டேங்க் அடித்து, ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். எஞ்சின் அதிர்வில் வெல்டிங் விடாமல் இருக்க அடியில் தடித்த ரப்பர் புஷ் வைக்கலாம் என்கிறார். துருவுக்கு அது ஒரு முடிவு. அளவெடுக்க டேங்க்கைக் கொண்டுவரச் சொல்லி நாலு மாதம் ஆகிறது. நான் இன்னும் போகவில்லை.

மச்சானிடம் சொன்னது இதுதான்: "கட்டாதே. ஓடுற வண்டி ஒண்ணு பார்த்து வாங்கிக்க." சொன்ன அன்று சாயந்திரமே டேங்க்கை மாட்டி, பெட்ரோல் நிரப்பி, முத்தூர் வரை போய்வந்தேன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்து நின்றதும் ஒரே மிதி. வாய்க்கால் பாலம் தாண்டி மூன்றாவது கியரில் அது துடிக்கிற துடிப்பை வேறு எந்த வண்டியிலும் நான் கேட்டதில்லை. இருந்தாலும் மச்சானுக்குச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், டேப்பின் அடியில் ஒரு சொட்டு ஈரம்.