கோல்டு கார்டு இருக்கே என்று சொல்லியே 18,600 ரூபாயைச் சுருட்டிவிட்டான் – தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டிக்கெட் போடுகிறவர்கள் கவனம்

18,600 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேற்று காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுவது அது ஒன்றுதான். திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்கு நான் போட்டிருந்த சாயங்கால ஃபிளைட்டை அதே நாள் காலை ஃபிளைட்டுக்கு மாற்றித் தருகிறேன் என்று தக்கலை வட்டாரத்தில் ஒரு டிராவல்ஸ் கடைக்காரன் வாங்கிய பணம். மாற்றவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. என் பழைய டிக்கெட்டையும் ரத்து செய்து, அதன் பணத்தையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டான். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒருவர் வெளியூரிலோ கப்பலிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற மாவட்டம் நம்முடையது, இதே மாதிரி இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மும்பைக் கடலில் எண்ணெய் எடுக்கிற ரிக்கில் வேலை பார்க்கிறவன். கொஞ்ச நாள் கடல், கொஞ்ச நாள் வீடு. ஒவ்வொரு தடவையும் விமானத்தில் மும்பை போய், ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர். ஒரே விமான நிறுவனத்தில் இப்படி வருடக்கணக்காகப் போய் வந்ததில் கிடைத்ததுதான் அந்த கோல்டு கார்டு. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இல்லாமல் போய் வந்து சேர்த்த கார்டு அது. அதில் உள்ள சலுகைகளில் எனக்கு உண்மையிலேயே உதவுவது ஒன்றே ஒன்று: பயணம் செய்யும் அன்று அதே வழியில் முன்னால் போகிற விமானத்தில் இடம் இருந்தால் மாற்றுக் கட்டணம் இல்லாமல் மாறிக்கொள்ளலாம்.

இந்தத் தடவை கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, மெடிக்கல் செக்கப்பை ஒரு நாள் முன்னால் வைத்துவிட்டோம், சாயங்காலத்துக்குள் மும்பையில் இருக்க வேண்டும் என்றார்கள். காலை ஃபிளைட்டுக்கு மாறியே ஆக வேண்டும். விமான நிறுவனத்தின் ஆப்பில் போனால், ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட், மாற்றத்துக்கு அவரையே அணுகவும் என்று வந்தது. அதனால் டிக்கெட் போட்ட கடைக்கே போனேன்.

அவன் பேசினதைக் கேட்க வேண்டுமே! “அண்ணே, ஒண்ணும் வெப்ராளப்படாதீங்க, உங்களுக்கு கோல்டு கார்டு இருக்குல்லா, சாதாரண ஆளுக்குத்தான் மாத்துறதுக்கு சார்ஜ், உங்களுக்குக் கிடையாது.” கார்டு எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் அடித்தான். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காலை ஃபிளைட்டைக் காட்டினான். என் கார்டின் விதி அவனுக்குத் தெரிந்திருந்தது, அதை வரி மாறாமல் சொன்னான், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மாற்றுக் கட்டணம் இல்லை, ஆனால் காலை ஃபிளைட்டில் கடைசி சீட்டுகள்தான் மிச்சம், கட்டண வித்தியாசம் மட்டும் 18,600 கட்டணும் என்றான். கடைசி நேரத்தில் டிக்கெட் விலை எப்படி ஏறும் என்று போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். கொடுத்தேன். கடைக் கணக்குக்கு இல்லை, “அதுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சு போச்சு” என்று சொல்லித் தன் சொந்த நம்பருக்கு ஜிபே செய்ய வைத்தான். டீ வாங்கித் தந்தான். வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றுகூட விசாரித்தான்.

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், காலை ஃபிளைட், பிஎன்ஆர் என்கிற புக்கிங் எண், எல்லாம் சரி. விமான நிறுவனத்தின் தளத்தில் அந்த பிஎன்ஆரைப் போட்டும் பார்த்தேன், அங்கேயும் என் பெயரும் காலை ஃபிளைட்டும் வந்தன. இதற்கு மேல் ஒரு பயணி என்ன சரிபார்க்க முடியும்? ராத்திரி வெப் செக்-இன் மட்டும் ஆகவில்லை. கேட்டதற்கு, “சிஸ்டம் டவுண்ணே, கவுண்டர்ல போட்டுத் தருவாங்க.”

விடியுமுன்னே டாக்சி பிடித்துக் களியக்காவிளை, பாறசாலை தாண்டி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் சங்குமுகம் டெர்மினலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சிஐஎஸ்எஃப்காரர் பிடிஎஃப்பையும் ஆதாரையும் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டிப் பார்த்தார். “சேட்டா, இதில் டிக்கெட் இஷ்யூ செய்திட்டில்லல்லோ.” டிக்கெட்டே போடவில்லையாம். அப்புறம்தான் விவரம் புரிந்தது. அவன் செய்தது மாற்றமே இல்லை. காலை ஃபிளைட்டில் என் பெயரில் ஒரு புக்கிங்கைப் பணம் கட்டாமல் ஹோல்டில் வைத்திருக்கிறான். ஹோல்டு புக்கிங்குக்கும் பிஎன்ஆர் வரும், தளத்தில் பெயரும் தெரியும். குறித்த நேரத்துக்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் தானாக ரத்தாகிவிடும். ராத்திரியே ரத்தாகியிருக்கிறது. சரி, சாயங்கால டிக்கெட்டாவது இருக்கிறதா என்று கேட்டால், அதை முந்தின நாளே ஏஜென்ட் ரத்து செய்து, ரீஃபண்ட் ஏஜென்ட் கணக்குக்குப் போய்விட்டது என்றார். அது 7,450 ரூபாய் டிக்கெட்.

வயிறு எரிய வைத்தது அதற்கடுத்து அந்தப் பெண் சொன்னதுதான். காலை ஃபிளைட்டில் சீட் தாராளமாக இருந்ததாம். சாயங்கால டிக்கெட்டை அப்படியே விட்டிருந்தால், கார்டைப் பார்த்து இந்தக் கவுண்டரிலேயே மாற்றிக் கொடுத்திருப்பார்களாம், என் கார்டுக்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல். சும்மா கிடைக்க வேண்டியதற்கு 18,600 ரூபாய்! வேறு வழியில்லாமல் அங்கேயே புது டிக்கெட் எடுத்து ஏறினேன், அது தனிச் செலவு.

மும்பை இறங்கியதும் கடைக்காரனைக் கூப்பிட்டேன். “அய்யோ அண்ணே, அப்படியா, நான் பாக்குறேன்.” பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் ஏர்லைன்ஸ்காரன் தப்பு, அவங்க ரீஃபண்ட் போட்டதும் உங்களுக்கு வந்திரும் என்றான். ரீஃபண்ட் உன் கணக்குக்கு வந்தாச்சு என்று கவுண்டரிலேயே சொல்லிவிட்டார்களே தம்பி என்றதும் லைன் கட். அப்புறம் போனை எடுத்தது கடையில் வேலை பார்க்கிற பிள்ளை: முதலாளி கல்யாண வீட்டுக்குப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க. என் மனைவி நேரில் போனாள். முதலாளி உள்ளேதான் இருந்திருக்கிறான். “அக்கா, அண்ணன் கிட்ட பேசிட்டேன், எல்லாம் செட்டில் பண்ணியாச்சு” என்று அவளிடம் பச்சைப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறான். என்ன செட்டில்? 18,600-இல் ஒரு பைசா வரவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. இன்று சாயங்காலம் என்னை பிளாக்கும் பண்ணிவிட்டான். எங்கள் தெருவில் எத்தனை பேரை அந்தக் கடைக்கு நானே அனுப்பியிருக்கிறேன், அந்த மரியாதைகூட அவனுக்கு இல்லை.

விமான நிறுவனத்தின் கோல்டு உறுப்பினர் லைனில் அழைத்தால், மரியாதையாகப் பேசிவிட்டு ஏஜென்டைக் கேளுங்கள் என்கிறார்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான், ஏஜென்ட் அவர்கள் நியமித்த ஆள் என்று விமானத் துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதியே இருக்கிறது. அதைச் சொன்னதும் மெயில் போடுங்கள் என்றார்கள். போட்டிருக்கிறேன். விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் பதிந்தாயிற்று.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், நாளை விடிகாலையில் ஜூஹுவில் நிற்க வேண்டும், அதனால் அவசரமாக.

பிஎன்ஆரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பெரிய விமான நிறுவனங்களின் டிக்கெட்டில் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும், முதல் மூன்று இலக்கம் அந்த நிறுவனத்தின் குறியீடு. கட்டணம் கட்டி மாற்றினால் பெரும்பாலும் புது எண் வரும். அந்த நிறுவனங்களில் இந்த எண் இல்லாமல் வருகிற பிடிஎஃப்பை டிக்கெட் என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மலிவு விமானங்களில் இந்த எண் இருக்காது, அங்கே நேராக நிறுவனத்துக்கே போன் போட்டு, பணம் கட்டி கன்ஃபர்ம் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கார்டு சலுகையை நீங்களே விமான நிறுவனத்திடம் கேளுங்கள், ஆப் முடியாது என்றாலும் அன்றைக்கு ஏர்போர்ட் கவுண்டரில் கேளுங்கள். புது டிக்கெட் எண் கையில் வரும்வரை பழையதை ரத்து செய்ய விடாதீர்கள். சொந்த நம்பருக்குப் பணம் கேட்டால் பில் கேளுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நான் ரிக்கிலிருந்து இறங்கி வந்ததும் அங்கேதான் போகிறேன். வாட்ஸ்அப் சாட், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

தக்கலை பக்கம் இப்படி ஒரு கடையில் டிக்கெட்டை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் நாள்வரை விடாமல் இன்றைக்கே அந்த 13 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.