எழுத்து வந்தது, பட்டன் வரவில்லை

சமீபத்தில் ரயிலில் போகும்போது போனில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அடித்து முடித்துக் கடைசியில் ‘சமர்ப்பி’யைத் தொட்டால் ஒரு அசைவும் இல்லை. பக்கத்தின் எழுத்துகள் வந்துவிட்டன. பட்டனை இயக்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசருக்குள் ஓடும் நிரல், வருவதற்குள் டவர் போய்விட்டது. ரீலோட் செய்தேன், அடித்ததெல்லாம் போச்சு.

இத்தனைக்கும் படிவம் அனுப்ப ஜாவாஸ்கிரிப்ட் வேண்டியதே இல்லை. பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் எழுதிய வெறும் படிவம் போதும், விவரங்களை பிரவுசரே சர்வருக்கு, அதாவது தளத்தை நடத்தும் கணினிக்கு, அனுப்பிவிடும்.

தளம் கட்ட இரண்டு வழி உண்டு. சர்வரே முழுப் பக்கத்தையும் தயாரித்து அனுப்புவது ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் வந்தால் கூடுதல் வசதி, வராவிட்டாலும் வேலை நடக்கும். மற்றது, கிட்டத்தட்ட வெற்றுப் பக்கத்தை அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை வைத்தே கட்டுவது.

இரண்டாவதை நான் வெறுக்கவில்லை. 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்தபோது வரைபடத்தை விரலால் தள்ளுவதுபோல மவுசால் இழுக்க முடிந்தது. அதை வெறும் எச்டிஎம்எல்லில் செய்ய முடியாது. வரைபடம், விரிதாள், படம் திருத்தும் கருவி, இவையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டை நம்பி இருப்பதில் தப்பே இல்லை.

ஆனால் படிக்கவும் நிரப்பவும் மட்டுமே உள்ள பக்கங்களுக்கு அது எதற்கு? “ஜாவாஸ்கிரிப்டை யார் அணைத்து வைக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். பிரிட்டன் அரசின் இணையதளக் குழு 2013-இல் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தது. தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை. அதை அணைத்து வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் பிரவுசரில் அது இயங்கியிருக்க வேண்டும், இயங்கவில்லை. ரயிலில் நான் இருந்த கூட்டம் அதுதான்.

வேகத்துக்கும் இதே கதை. 2010-இல் ட்விட்டர் நிறுவனம் பக்கம் கட்டும் வேலையை பிரவுசரிடம் தள்ளியது. 2012-இல் மறுபடி சர்வருக்கே கொண்டுவந்தது. பக்கம் முதலில் திறக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே அறிவித்தார்கள்.

சர்வரிலும் பிரவுசரிலும் எழுத வேண்டும், இரட்டை வேலை என்று டெவலப்பர்கள் சலித்துக்கொள்வது புரிகிறது. ஆனால் வந்த விவரம் சரியா என்று சர்வர் எப்படியும் சோதித்தே ஆக வேண்டும். பாதி வேலை ஏற்கெனவே அங்கே நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். தேடல் பெட்டியில் தட்டும்போது பரிந்துரைகள் கீழே விழாது. அங்கேயே தமிழில் தட்டும் வசதியும் இருக்காது. சரி, போகட்டும். என்டரைத் தட்டினால் தேடல் நடக்கும், கட்டுரை முழுசாக வந்து நிற்கும்.