8 ஜிபி ரேமில் லினக்ஸ் ஹைபர்நேஷன்: நீண்ட நாள் அனுபவம்

நான் வைத்திருக்கும் லேப்டாப்பின் 8 ஜிபி மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ப்ராசஸர், திரை விவரமெல்லாம் அவருக்கே அத்துப்படி. இதில் லினக்ஸ் போட்டு ரொம்ப நாளாக ஓட்டுகிறேன். கீபோர்டு அருமை, மணிக்கணக்கில் தட்டினாலும் விரல் வலிப்பதில்லை. வைஃபை, டச்பேட் இரண்டும் தகராறு செய்ததே இல்லை. ஆனால் ஹைபர்நேஷன் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது, திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்) விஷயத்தில் இது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹைபர்நேட் கொடுத்தால் திரை அணையும். சில நொடிகளில் லாக் ஸ்கிரீன் திரும்ப வந்து நிற்கும். ஏன் என்று திரையில் ஒரு வரி வராது. கவனிக்காமல் மூடிப் பையில் வைத்தால் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எடுக்கும்போது அடிப்பாகம் கொதிக்கும், பேட்டரி காலியாகியிருக்கும். ப்ரவுசரை மூடிவிட்டுக் கொடுத்தால் மட்டும் ஒழுங்காக அணையும். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போகத்தானே ஹைபர்நேஷன்? எல்லாவற்றையும் மூட வேண்டும் என்றால் ஷட்டவுனே போதுமே.

ஸ்வாப் (ரேமில் இருப்பதைத் தள்ளி வைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம், ஹைபர்நேஷனும் அங்கேதான் எழுதும்) பற்றாக்குறை என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னிடம் 16 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவைத் திறந்து பார்த்தால், போதிய காலி நினைவகம் இல்லை, இமேஜ் (டிஸ்கில் எழுத வேண்டிய ரேமின் நகல்) உருவாக்குவதில் பிழை, எண் -12. ஸ்வாப் போதவில்லை என்றால் -28 வந்திருக்கும். -12 என்றால் ரேமிலேயே இடமில்லை.

கெர்னல் ரேமை நேராக டிஸ்கில் எழுதுவதில்லை. முதலில் ரேமுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்துவிட்டு, அதைத்தான் எழுதுகிறது. ரேமில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் நகலுக்கு இடம் ஏது? அதனால் முதலில் கேஷைக் கழித்துவிட்டு, மற்றதை ஸ்வாப்புக்குத் தள்ளி இடம் பிடிக்கப் பார்க்கும். இமேஜ் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை இமேஜ் சைஸ் என்ற அமைப்பு சொல்கிறது. வழக்கமாக ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு. அதை 0 ஆக்கினால் முடிந்த மட்டும் சுருக்கும். ஆக்கினேன். தோல்வி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. (ஸ்வாப்புக்கு ஸீராம், அதாவது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப், மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரிதாக உதவாது. தள்ளியது சுருங்கி மறுபடியும் ரேமுக்குள்தான் உட்காரும்.)

அப்புறம் ஹைபர்நேஷனைக் கட்டம் கட்டமாகச் சோதிக்கக் கெர்னலிலேயே இருக்கும் பிஎம் டெஸ்ட்டை எடுத்தேன். அதை கோர் நிலையில் வைத்தால் டிரைவர்களை எல்லாம் நிறுத்தி, 5 நொடி கழித்து எழுப்பிவிடும், நகல் எடுக்கும் கட்டத்துக்குப் போகாது. ப்ரவுசர் திறந்திருந்தாலும் அந்தச் சோதனை தேறியது. அப்படியென்றால் டிரைவர் எதுவும் சிக்கி நிற்கவில்லை. கெர்னல் இடம் பிடித்து முடித்த பிறகு, டிரைவர்களை நிறுத்தும் கட்டத்தில்தான் அந்த இடம் பறிபோகிறது. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்பதால் வீடியோ நினைவகத்தில் இருப்பதையெல்லாம் ரேமுக்கு மாற்றுகிறது. நியாயமான வேலைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் டிரைவர்கள் கேட்கும் நினைவகத்துக்காகக் கெர்னல் வழக்கமாக ஒதுக்கி வைப்பது வெறும் 1 எம்பி! இந்த மெஷினில் கிராஃபிக்ஸுக்கு மட்டும் 512 எம்பி இருக்கிறது.

இந்த ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கும் ரிசர்வ்டு சைஸ் என்ற அமைப்பை 640 எம்பிக்கு உயர்த்தினேன். பைட் கணக்கில் எழுத வேண்டும்: 671088640. ரீபூட் செய்தால் பழைய மதிப்புக்கே போய்விடும் என்பதால், இமேஜ் சைஸ், ரிசர்வ்டு சைஸ் இரண்டின் மதிப்புகளையும் பூட் ஆகும்போதே எழுதிவிடும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸ் தொடங்கும்போது மற்றவற்றை இயக்கிவைக்கும் நிரல்) வைத்துவிட்டேன். அதன் பிறகு ப்ரவுசர், எடிட்டர் எல்லாம் திறந்தபடியே தூங்குகிறது, எழுகிறது. எழுந்தவுடன் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், ஸ்வாப்புக்குப் போனதெல்லாம் திரும்பி வர வேண்டுமே. அது பரவாயில்லை. விட்ட வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது எந்தக் குறையும் இல்லை, என்னுடையதை விற்கவும் மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதில் ரேம் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது, பிறகு கூட்ட வழியில்லை. 16 ஜிபி மாடல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 8 ஜிபி மாடலை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொட வேண்டாம்.