எக்ஸாஸ்ட் கட்அவுட்: மூடியா, வாக்குவமா, மோட்டாரா?

வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிக்குக் கட்அவுட் போட மூன்று வழி உண்டு. போல்ட் போட்டு மூடும் தகடு, என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையில், அதாவது வாக்குவத்தில், திறந்து மூடும் வால்வு, 12 வோல்ட் மோட்டார் வைத்த பட்டர்ஃபிளை வால்வு (தண்டில் சுழலும் வட்டத் தகடு). என் 2013 மஸ்டாங் ஜி.டி.யில் இருப்பது மூன்றாவது, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆகவே தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு கிளை வைத்து, வேண்டும்போது புகையை நேராக வெளியே விடுவதுதான் கட்அவுட். 1910-களில் அமெரிக்கக் கார்களில் காலால் மிதித்துத் திறக்கும் கட்அவுட் சர்வ சாதாரணம். சத்தம் பொறுக்காமல் பல ஊர்கள் அப்போதே தடை போட்டன. இப்போதும் அதே கதைதான். நான் இருக்கும் மிச்சிகனில் வாகனச் சட்டத்தின் 257.707ஆம் பிரிவு, பொதுச் சாலையில் கட்அவுட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் 27150ஆம் பிரிவின்படி வண்டியில் அது பொருத்தியிருந்தாலே குற்றம். எனவே பந்தய டிராக்குக்குப் போகும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் செலவே செய்ய வேண்டாம்.

பவர் கூடும் என்று நம்பியும் இறங்காதீர்கள். 2008 கார்வெட்டில் செவர்லேயே வால்வு வைத்த எக்ஸாஸ்ட்டைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. அது இல்லாமல் 430 குதிரைத்திறன், இருந்தால் 436. ஆறு குதிரைக்கா இத்தனை பாடு என்றால், பாடு சத்தத்துக்காகத்தான்.

எதைப் போட்டாலும் இடம் ஒன்றுதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டருக்கும் அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் அப்புறம், சைலன்சருக்கு முன்னால். கன்வர்ட்டருக்கு முன்னால் வைத்தால் அது மத்திய அரசின் மாசுச் சட்டத்தையே மீறும் வேலை. டேங்க், டயர், பிரேக் குழாய் பக்கம் கட்அவுட்டின் வாய் திரும்பக் கூடாது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இவையெல்லாம் கடைக்காரருக்கே தெரியும்.

இனி மூடி. மூன்றிலும் மலிவு இதுதான். அசையும் பாகமே கிடையாது. நல்ல கேஸ்கெட் போட்டு மூன்று போல்ட்டை இறுக்கிவிட்டால் ஒரு பொட்டுக் கசிவு இருக்காது. மோட்டார் வால்வால் அந்த அளவுக்கு அடைக்க முடியாது. மூடிய நிலையிலும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் என் வண்டியின் இடது பக்கத்தில் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும், குழாய் சூடானதும் அடங்கிவிடும். ஆனால் மூடியைத் திறக்க ஜாக்கி போட்டுப் படுக்க வேண்டும், அதுவும் குழாய் ஆறும்வரை காத்திருந்து. டிராக்கிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அதே வேலை மறுபடியும். வருஷத்துக்கு இரண்டு முறை திறப்பவருக்கு இது போதும்; அவரும் போல்ட்டில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவாமல் விட்டால் மூன்றாவது முறை திறக்க கிரைண்டர்தான் வர வேண்டும்.

வாக்குவம் வால்வைப் பற்றி நான் சொல்வது ஒரு நண்பரின் வண்டியில் பார்த்ததை வைத்து. ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு நான் மல்லுக்கட்டியதில்லை. அந்த 2008 கார்வெட்டில் இருப்பதும் இந்த வகைதான், ஆகவே வேலை செய்யாத சரக்கு என்று ஒதுக்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) வாக்குவம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். வால்வு அசையாமல் நிற்க வேண்டிய நேரமே அதுதான். அதற்காக ஒரு வழி வால்வும் வாக்குவம் தேக்கி வைக்கும் சின்ன டப்பாவும் சேர்க்க வேண்டும். ஒரு ரப்பர் ஹோஸ் சூட்டில் வெடித்தால் எந்த இடத்தில் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மோட்டாருக்கு என்னைச் சாய்த்தது பராமரிப்பு. பட்டனை அழுத்தித் திறக்கும் சொகுசு கூடுதல் லாபம், அவ்வளவே.

குளிர்காலத்தில் மிச்சிகன் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். வெளியிலிருந்து அது அரிக்கும். உள்ளேயிருந்து அரிப்பது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய்க்குள் வருகிறது. தூரப் பயணத்தில் அது வெளியே போய்விடும். பால் வாங்கக் கடைக்குப் போய் வரும் ஓட்டத்தில் குழாய் சரியாகச் சூடாவதே இல்லை. தண்ணீர் தாழ்ந்த இடம் பார்த்துத் தேங்கும். கட்அவுட்டை நேராகக் கீழ்நோக்கி வைத்திருந்தால் அந்தத் தாழ்ந்த இடம் உங்கள் வால்வுதான். கரியும் துருவும் அந்தத் தண்ணீரில் குழைந்து, தகடு உட்காரும் விளிம்பிலும் தண்டு சுழலும் புஷ்ஷிலும் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்து, வாய் கொஞ்சம் மேலே இருக்கும்படி வெல்ட் செய்யச் சொல்லுங்கள். தகடு, உடல், தண்டு மூன்றும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், அடிக்கடி அசைப்பது. அசையாத வால்வுதான் இறுகும். மோட்டார் இருந்தால் அது ஒரு வேலையே இல்லை. கராஜில் என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு ஒரு முறை திறந்து மூடுகிறேன். குளிர்காலத்தில் திறந்ததும் இரண்டு மூன்று சொட்டு கருந்தண்ணீர் தரையில் விழும். விழட்டும், உள்ளே இருப்பதற்கு அது மேல். அந்த மோட்டார் போடும் சத்தமே ஒரு ரிப்போர்ட்தான். தகடு சுத்தமாக இருந்தால் ‘விர்ர்’ என்று ஒரே சுருதியில் ஓடி டக்கென்று நிற்கும். கரி ஏறினால் கடைசிப் பகுதியில் சத்தம் தாழ்ந்து இழுக்கும். இழுக்க ஆரம்பித்ததும் கழற்றி விளிம்பைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, தண்டில் சூடு தாங்கும் கிராஃபைட் ஸ்பிரே அடித்தால் பழையபடி ஓடும். சாதாரண எண்ணெய் வேண்டவே வேண்டாம், சூட்டில் கருகிப் பிசினாகிவிடும். மூடியோ வாக்குவம் வால்வோ இப்படி முன்கூட்டிக் குரல் கொடுப்பதாகத் தெரியவில்லை.

வயரிங் இந்தப் பராமரிப்பின் பாதி. மோட்டாரைத் திருப்பி ஓட்ட பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆறு கால் (வயர் மாட்டும் முனை) உள்ள ஸ்விட்ச் ஒன்றே போதும்: நடுக்கால் இரண்டும் மோட்டாருக்கு, மேல்கால் இரண்டுக்கும் மின்சாரம், கீழ்க்கால்களுக்கு அதையே குறுக்காக மாற்றி. விரலை எடுத்தால் நடுவுக்குத் திரும்பிவிடும் ஸ்விட்ச்தான் வாங்க வேண்டும். அழுத்திய இடத்திலேயே நிற்கும் வகையைப் போட்டால், தகடு முட்டி நின்ற பிறகும் மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்; சுருள் சூடாகும், பல்சக்கரம் தேயும்.

நான் ரிலே (சின்னக் கரண்ட்டில் பெரிய கரண்ட்டை மாற்றிவிடும் மின்காந்த ஸ்விட்ச்) வழிக்குப் போனேன். ஒரு மோட்டாருக்கு ஐந்து கால் ரிலே இரண்டு. மோட்டாரின் வயர் ஒவ்வொன்றும் ஒரு ரிலேயின் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87 இரண்டும் ஃபியூஸ் வழியாக பாசிட்டிவுக்கு, 87ஏ இரண்டும் எர்த்துக்கு. ஒரு ரிலே இழுத்தால் திறக்கும், மற்றது இழுத்தால் மூடும். தவறி இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் மோட்டாரின் இரு முனையிலும் 12 வோல்ட்டே இருப்பதால் ஷார்ட் ஆகாது. ரிலே காயிலுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால்தான் வரும் லைனில் எடுத்தேன், நிறுத்திய வண்டியில் குழந்தைகள் விளையாடக் கூடாதே. இரண்டு பக்கத்தையும் ஒரே ஃபியூஸில் சேர்க்காமல் தனித்தனியாக விடுங்கள். எந்தப் பக்கம் இறுகியது என்று ஃபியூஸே சொல்லிவிடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அடியில் போகும் வயருக்குச் சூடு தாங்கும் உறை, கட்ட உலோகப் பட்டை. பிளாஸ்டிக் டை உருகி வயர் குழாயில் சாய்ந்தால் அத்தோடு சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குவம் வால்வு முன்னால் நிற்கிறது. வாக்குவம் போனால் ஸ்பிரிங் தகட்டை ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த நிலை ‘மூடியது’ என்று இருக்கும்படி பார்த்து வாங்கலாம். மோட்டார் திறந்த நிலையில் செத்தால் திறந்தபடியே கிடக்கும், மிச்சிகனின் மிலன் ஊர் டிராக்கிலிருந்து வீடுவரை ஊரையே எழுப்பிக்கொண்டு வர வேண்டும், போலீஸ் நிறுத்தினால் சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக டிக்கியில் வால்வு மாட்டும் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) அளவுக்கு வெட்டிய தகடு ஒரு ஜோடி, கேஸ்கெட், போல்ட், 13 எம்.எம். ஸ்பேனர் கிடக்கின்றன. மலிவான மூடிதான் அது; மோட்டார் போட்டவரும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.