ரவுண்டு வைரமா, பிரின்சஸ் கட்டா? நான் ரவுண்டு பக்கம், காரணம் அந்த நாலு மூலை

கல்யாண நாளுக்கு 30 சென்ட்ல (நூறு சென்ட் ஒரு காரட்) ஒத்தக்கல் மோதிரம் எடுக்கப் போனப்ப கடைசியில ரெண்டுல வந்து நின்னுச்சு, வட்டமா ரவுண்டு பிரில்லியன்ட், இல்ல சதுரமா பிரின்சஸ் கட். ரவுண்டைத்தான் எடுத்தோம், இப்ப தினமும் கையில கிடக்கு, அதனால நான் நடுநிலையா எழுதுவேன்னு எதிர்பாக்காதீங்க.

விலையில சதுரம்தான் கம்மி. பூமியில இருந்து வர்ற நல்ல கல்லு பெரும்பாலும் ரெண்டு பிரமிடை அடியோட அடி ஒட்டுன வடிவத்துல இருக்கும், அதைச் சதுரமா வெட்டினா சேதாரம் கம்மி, வட்டமாக்கணும்னா பாதிக்கு மேலயே தூளாப் போயிடும், அந்தத் தூளுக்கும் சேத்துத்தான் நாம காசு குடுக்குறோம். ஆனா ஒரு காரட் ரவுண்டு மேல இருந்து பாத்தா சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம், அதே எடை பிரின்சஸ் ஒரு பக்கம் 5.5 தான் வரும். மிச்ச எடை அடியில போய் ஒளிஞ்சுக்குது.

ஜொலிப்புல ரவுண்டை அடிச்சுக்க முடியாது, அதுக்குப் பின்னாடி கணக்கு இருக்கு. பழைய கட் கல்லுல அடிமுனையைக் கூரா விடாம மழுக்கியிருப்பாங்க, மேல இருந்து பாத்தா நடுவுல குட்டியா ஓட்டை மாதிரி தெரியும். 1919ல மார்செல் டோல்கோவ்ஸ்கி, வைரம் தீட்டுற குடும்பத்துல பொறந்து லண்டன்ல இன்ஜினியரிங் படிச்சவர், உள்ள போற வெளிச்சம் அடிவழியா ஒழுகாம மேலயே திரும்பி வரணும்னா அடிச்சரிவு 40.75 டிகிரி, மேல்சரிவு 34.5 டிகிரின்னு கணக்குப் போட்டுக் குடுத்தார். இன்னைக்கு நாம வாங்குற 57 பட்டை ரவுண்டு (அடிமுனையையும் எண்ணினா 58) அந்த வழியில வந்ததுதான். பிரின்சஸ் இப்ப இருக்கிற ரூபத்துக்கு வந்தது 1980 வாக்குல. வைரத்தைத் தரம் பாத்துக் குடுக்குற ஜிஐஏவோட சர்டிபிகேட்ல 'கட்' கிரேடுன்னு தனியா மார்க் வந்தது 2006ல, அதுவும் ரவுண்டுக்குத்தான். சதுரத்துக்கு பாலிஷ், சிமெட்ரி ரெண்டும்தான் போட்டிருக்கும், மீதியை நம்ம கண்ணுதான் பாத்துக்கணும்.

இதெல்லாம் கூட பரவாயில்ல, என்னை முடிவெடுக்க வெச்சது மூலைதான். வைரத்தை இன்னொரு வைரத்தைத் தவிர எதுவும் லேசுல கீறாதுங்கிறது உண்மை, ஆனா உடைக்க முடியாதுன்னு அர்த்தமில்ல, நாலு திசையில பொளந்துக்குற குணம் அதுக்கு உண்டு, கூரான மூலையில சரியா ஒரு இடி பட்டா சில்லு தெறிச்சிடும். சித்தி பொண்ணு மோதிரத்துல அதான் ஆச்சு. பாத்திரம் கழுவுறப்பவோ பஸ் கம்பியிலயோ எங்க இடிச்சான்னே தெரியல, வெறும் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா துப்பட்டா நூல் அடிக்கடி மாட்டுதேன்னு ஆசாரிகிட்ட குடுத்தா, அவர் லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு மூலையில முக்கோணமா பேந்திருக்குன்னார். மறுபடி தீட்டலாம், எடை குறையும், குறைஞ்ச கல்லுக்கு ஏத்தாப்ல அது உக்காருற கட்டடமும் மாத்தணும். அதுக்குத்தான் பிரின்சஸுக்கு மூலையை மூடுற 'வி' பிராங் (கல்லைப் பிடிச்சிருக்கிற கொக்கி) வைக்கிறாங்க, அந்த பிராங் தேயுதான்னும் அப்பப்ப பாக்கணும். ரவுண்டுக்கு இந்தத் தலைவலி இல்ல, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு, மெத்துனு ஒரு பிரஷ், அடியில ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போச்சுன்னா பழையபடி பளிச்.

ஒண்ணு சொல்லணும், ரவுண்டுலயும் விளிம்பு ரொம்ப மெலிசா இருந்தா சில்லு தெறிக்கும், வாங்குறப்ப சர்டிபிகேட்ல கர்டில்னு (அந்த விளிம்புதான்) என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

நான் இதுவரை வைரத்தை வித்ததில்ல, அதனால ரீசேல்ல எது தேவலைன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஏழு கல் தோடு போடுற வீடுன்னா யோசிக்கவே வேணாம், ஒரு வட்டத்தைச் சுத்தி அதே அளவுல ஆறு வட்டம்தான் இடுக்கில்லாம கச்சிதமா உக்காரும், சதுரத்துல அந்தப் பூ வராது. பென்டன்ட், கம்மல் மாதிரி இடிபடாத இடத்துக்கு பிரின்சஸ் தாராளமா எடுக்கலாம், காசும் மிச்சம். கைக்குன்னா ரவுண்டு.