தோளைப் பார்த்து வாங்குவதா, துணி எடுத்துத் தைப்பதா?

தினப்படி போட்டுக்கொள்ள நாலு நல்ல டாப்ஸ், இரண்டு பேன்ட், வேலைக்கு ஒரு சட்டை. நடுவயதுப் பெண் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். கிடைப்பதோ, தோள் சரியாக இருந்தால் மார்பில் இழுக்கும். மார்புக்குப் பொருந்தினால் தோள் கையில் இறங்கித் தொங்கும். இரண்டும் தப்பித்தவறி அமைந்துவிட்டால் துணி நாலு சலவை தாங்காது.

இதற்கு வழி ரெடிமேடா, வாங்கி ஆல்டர் செய்வதா, தையற்காரரா, ஆன்லைனா, பிறர் போட்ட பழைய உடையா என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு உடையிலும் பின்னால் திருத்தவே முடியாத ஓர் இடம் உண்டு. மேலாடைக்கு அது தோளும் கை வளைவும். பேன்ட்டுக்குக் கால் பிரியும் இடம். அந்த இடம் கடையில் கிடைப்பதோடு ஒத்துப்போனால் வாங்கலாம், ஒத்துப்போகாவிட்டால் தைக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

அளவுப் பட்டியல் ஏன் கைவிடுகிறது

நிறுவனங்கள் நடுவாந்தர அளவு ஒன்றில் மாதிரி உடையை வெட்டித் தைத்துச் சரிபார்க்கும். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து ஒரே கணக்கில் கூட்டியும் குறைத்தும் வருபவை. மார்புச் சுற்று 2 இன்ச் கூடும்போது தோளும் அகலும், கழுத்தும் பெரிதாகும், கை வளைவும் இறங்கும். உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. சதை போட்டால் தோள் எலும்பு நீளாது. பெரிய சைஸ் டாப்ஸில் கழுத்து நழுவுவதும் தோள்தையல் புஜத்தில் போய் உட்காருவதும் இதனால்தான்.

வயதும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, எடை மாறாவிட்டாலும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும். மார்பின் உச்சி கீழே இறங்கும், தோள் சற்று முன்னால் வளையும், மேல்முதுகு உருளும், புஜம் பருக்கும். இருபது வயதில் பொருந்திய அதே நிறுவனத்தின் அதே சைஸ் இப்போது பொருந்தாதது இயல்பு. அதற்காக உடம்பின் மேல் கோபப்படுவது வீண்.

பொது அளவு என்று ஒன்றைக் கட்டமைக்கப் பார்த்ததும் நடந்தது. 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. அதன் அடிப்படையில் 1958இல் ஓர் அளவுத் தரம் வந்தது; 1983இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இன்று லேபிளில் இருக்கும் ‘எல்’, ‘எக்ஸ்எல்’ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை அளவு என்று நினைக்காமல், எந்த அடுக்கில் தேட ஆரம்பிப்பது என்பதற்கான அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

கடைக்குப் போகும் முன் இன்ச் டேப்பால் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே சுற்றி எடுக்கும் மேல்மார்பு ஒன்று, மார்பின் உச்சியில் சுற்றி எடுக்கும் முழு மார்பு மற்றொன்று. கடையில் விற்கும் தையல் பேட்டர்ன்கள் (துணி வெட்டுவதற்கான வடிவத் தாள்கள்) பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 2 இன்ச் என்று வைத்தே வரையப்படுகின்றன. உங்கள் வித்தியாசம் 2 இன்ச் அளவில் இருந்தால் ரெடிமேட் உலகம் கொஞ்சம் இரங்கும். 4 இன்ச்சைத் தொட்டால், பொத்தான் வைத்த நெசவுத்துணி (பனியன் போல் இழுபடாத துணி) சட்டையை ரெடிமேடில் தேடுவது பெரும்பாலும் நேர விரயம்.

ரெடிமேடை அப்படியே வாங்குவது

இதன் பலம் ஒன்றே: போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பனியன் துணியில் வரும் டீ-ஷர்ட், டாப்ஸ் இவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. துணி இழுபடுவதால் ஓரிரு இன்ச் வித்தியாசத்தை அதுவே சமாளித்துவிடும். ஆலையில் இதற்கென்றே இருக்கும் இயந்திரங்களில், இழுத்தால் கூடவே விரியும் தையல் போடுகிறார்கள். வீட்டுப் பக்கத்துத் தையற்காரரிடம் இருக்கும் சாதாரண மிஷினின் நேர்தையல் அப்படி விரியாது. தலை வழியாக மாட்டும்போதே பட்டென்று அறும்.

ராக்லான் கை வைத்ததைப் பாருங்கள். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்ந்து இறங்கும் தையல் அது. தோள்தையல் என்று தனியாக ஒன்று இல்லாததால், எங்கே முடிய வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. குறுகிய தோளும் பருத்த மார்பும் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. இடுப்பு வரைக்கும் அகலமாகவே வரும் ‘எல்லாருக்கும் பொருந்தும்’ உடைகளை நம்ப வேண்டாம். மார்பின் உச்சியிலிருந்து நேராகக் கீழே விழும் துணி, இல்லாத வயிற்றையும் இருப்பதாகக் காட்டும்.

வாங்கி ஆல்டர் செய்வது

நெசவுத்துணி மேலாடைகளுக்கு, பலருக்கும் இதுவே குறைந்த தொல்லையில் நல்ல பலன் தருவது. ஆனால் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று தெரியாமல் வாங்கினால் காசு போச்சு.

நீளத்தைக் குறைப்பது எளிது. பட்டி இல்லாத கையைக் குட்டையாக்குவதும் எளிது. பக்கத்தையல்களில் இரண்டு புறமும் சேர்த்து 2 இன்ச் வரை தாராளமாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பாக்கெட்டும் கை வளைவும் கோணிக்கொள்ளும். முதுகில் தொளதொளவென்று இருந்தால் பக்கத்தில் பிடிக்காமல், இடுப்பு உயரத்தில் இரண்டு டார்ட் (துணியை உள்ளே மடித்துத் தைக்கும் கூரான பிடிப்பு) வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் முதல் 1 இன்ச் உள்ளே போகும்படி, மேலும் கீழும் கூராக முடிய வேண்டும். பெட்டி போல் நிற்கும் சட்டை இந்த இரண்டு டார்ட்டில் உருவம் பெற்றுவிடும்.

தோளைக் குறுக்குவது வேறு கதை. கையைப் பிரித்து, கை வளைவைப் புதிதாக வெட்டி, திரும்பக் கையை ஏற்ற வேண்டும். நல்ல தையற்காரர் செய்வார், ஆனால் கூலி உடையின் விலையோடு போட்டி போடும். இறங்கிவிட்ட கை வளைவை மேலே ஏற்ற வழியே இல்லை, வெட்டிப் போன துணி திரும்ப வராது. கையைத் தூக்கினால் டாப்ஸ் முழுவதும் கூடவே ஏறுகிறதா? கை வளைவு தாழ்வாக இருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். வளைவு அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கை தாராளமாக அசையும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். போட்டுப் பார்த்தால் புரியும்.

பெரிதாக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரெடிமேடில் உள்ளே விடும் துணி அரை இன்ச்கூட இருக்காது, அதையும் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) அடித்து நறுக்கியிருப்பார்கள். இறுக்கமாக இருப்பதை ‘பிரித்து விடலாம்’ என்று வாங்குவதே இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு. கீழ் ஓரத்தில் நீளம் மிச்சமிருந்தால் மட்டும் ஒரு தந்திரம் உண்டு. அங்கே வெட்டிய துணியை அக்குளிலிருந்து கீழ்நோக்கிப் பக்கத் துண்டாக வைத்தால் 2 இன்ச் கிடைக்கும்.

போட்டுப் பார்க்கும்போது துணியில் விழும் கோடுகளைப் படிக்கப் பழகுங்கள். கோடு எங்கே சுட்டுகிறதோ அங்கேதான் குறை. மார்பின் உச்சியிலிருந்து கை வளைவு நோக்கிச் சாய்ந்த மடிப்பு என்றால் மார்பு டார்ட் போதவில்லை. பின்னிடுப்பில் படுக்கை மடிப்பாகத் துணி குவிந்தால், சீட் (பிட்டப் பகுதி) இறுகி உடை மேலே ஏறுகிறது, அல்லது முதுகுக்கு நீளம் அதிகம். சட்டையின் பொத்தான்களுக்கு இடையே வாய் பிளந்தால் மார்பில் அகலம் இல்லை என்று அர்த்தம். பிளவு சிறிதாக இருந்து, மார்பின் உச்சி உயரத்தில் பொத்தான் இல்லாததுதான் காரணம் என்றால், அந்த உயரத்தில் ஒரு பிரஸ் பட்டன் போதும்.

துணி எடுத்துத் தைப்பது

தோளும் மார்பும் பட்டியலோடு ஒத்துப்போகாதவர்களுக்கு நிரந்தரத் தீர்வு இதுதான். துணியை நாமே தேர்ந்தெடுக்கலாம், பாக்கெட் கேட்கலாம், உள்ளே துணி விடச் சொல்லலாம். கெடுவதற்கும் இதில்தான் இடம் அதிகம்.

துணியின் கணக்கை முதலில் பாருங்கள். 44 இன்ச் அகலத் துணியில், சீட் சுற்றும் லூஸும் (தளர்வுக்காக உடல் அளவுக்கு மேல் விடுவது) சேர்ந்து 40 இன்ச்சுக்குள் இருந்தால் முன்பாகமும் பின்பாகமும் பக்கம் பக்கமாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும், முழங்கை வரை கை வைத்த டாப்ஸுக்கு அப்போது 2 மீட்டர் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. குறைத்து எடுத்தால், இருப்பதற்குள் அடக்கக் கையைக் கோணலாகப் போட்டு வெட்டிவிடுவார்கள். பாவு நூல் (துணியின் கரைக்கு இணையாக ஓடும் நூல்) உடையின் நீளவாக்கில் ஓடாவிட்டால், துவைத்த பிறகு கை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒருமுறை, பின்னால் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயப் போடுங்கள். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 28 இன்ச் நீள டாப்ஸில் அது 1 இன்ச்சைத் தாண்டலாம். ரேயான் இன்னும் மோசம்.

அளவு கொடுக்கும்போது, அந்த உடைக்குள் எந்த பிரா போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, மெல்லிய பனியனுக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான தோள், மார்பு, இடுப்பு, சீட், நீளத்தோடு இவற்றையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள்: மேல்மார்பு, புஜச் சுற்று, முதுகின் அகலம், கழுத்தோரத் தோளிலிருந்து மார்பு உச்சி வரை, இரண்டு உச்சிகளுக்கு இடைத்தூரம். கடைசி இரண்டும் இல்லாமல் டார்ட் எங்கே முடிய வேண்டும் என்று தைப்பவருக்குத் தெரியாது. டார்ட்டின் முனை உச்சிக்கு 1 இன்ச் முன்பே நின்றுவிட வேண்டும். உச்சியிலேயே முடிந்தால் அங்கே கூராகத் துருத்தும்.

லூஸ் எவ்வளவு என்பதையும் அவர் கைக்கு விடாதீர்கள். நெசவுத்துணி டாப்ஸுக்கு மார்பில் 3 முதல் 4 இன்ச், சீட்டிலும் அதே அளவு, புஜத்தில் 2 இன்ச். பக்கங்களில் உள்ளே 1 இன்ச் துணி விட்டு, அதை நறுக்காமல் ஓவர்லாக் அடிக்கச் சொல்லுங்கள். உடம்பு ஏறி இறங்கும் வயதில் இந்த 1 இன்ச் பல வருடம் கைகொடுக்கும்.

மாதிரி உடை கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதன் குறையும் சேர்ந்தே வரும். ‘இதைப் போல, ஆனால் கை வளைவு அரை இன்ச் மேலே’ என்று எழுதிப் பின் குத்திக் கொடுங்கள். முதல் தடவை விலை குறைந்த துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். கூலி இரட்டிப்பாவது உண்மைதான். ஆனாலும் நல்ல துணி பாழாவதைவிட மலிவு. ட்ரையல் பார்க்கும்போது நிற்பதோடு நிறுத்தாமல் உட்காருங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள்.

பேன்ட்டுக்குத் தனிக் கணக்கு

மேலாடைக்குச் சொன்ன முறை இங்கே அப்படியே செல்லாது. இடுப்பு லூஸாக இருந்தால் பின் நடுத்தையலில் ஒன்றரை இன்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பின்பாக்கெட்டுகள் ஒன்றை ஒன்று நெருங்கும். நீளத்தை யாரும் குறைப்பார்கள். ஆனால் முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு இடையே போய்ப் பின் இடுப்பு வரை ஓடும் நீளம் குறைவாக இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உட்காரும்போது பின்பக்கம் இறங்குவது இந்தக் குறையால்தான். கால் பிரியும் இடத்திலிருந்து தொடை நோக்கி மீசை போல் கோடுகள் விரிந்தால் சீட்டோ தொடையோ இறுக்கம். அடுத்த சைஸ் எடுத்து இடுப்பைப் பிடிப்பதே வழி.

வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு முன்பக்கத்தை விடப் பின்பக்கம் நன்றாக உயர்ந்த, பின்னால் மட்டும் எலாஸ்டிக் வைத்த பேன்ட் நன்றாக அமையும். எலாஸ்டேன் (ரப்பர் போல் இழுபடும் செயற்கை இழை) 2 முதல் 3 சதவீதம் கலந்திருந்தால் முழங்காலில் தொங்கல் குறையும். கூடுதலாகக் கலந்த துணி முதல் நாள் சுகமாக இருக்கும். சூட்டில் உலர்த்தி உலர்த்தி எலாஸ்டேன் உயிரிழந்ததும் மொத்தமும் தளர்ந்துவிடும்.

ஆன்லைனும் பழைய உடையும்

ஆன்லைனில் உடல் அளவுப் பட்டியல், உடையின் அளவுப் பட்டியல் என்று இரண்டு உண்டு. எது கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உடையின் அளவு கிடைத்தால், வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒன்றைத் தரையில் விரித்து, தோள், அக்குளுக்கு அக்குள், சீட், நீளம் அளந்து ஒப்பிட்டு வாங்கலாம். உடல் அளவு மட்டும் என்றால், திருப்பித் தரும் வசதி இல்லாமல் வாங்காதீர்கள். படங்களில் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பது வழக்கம். வாங்கியவர்கள் போட்ட படங்களே நம்பத்தக்கவை.

பழைய உடையைப் பலர் ஒதுக்குகிறார்கள், தரம் பார்ப்பதற்கு அதைவிட நேர்மையான இடம் இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கி, நூல் திரள வேண்டியது திரண்டு, முறுக்க வேண்டியது முறுக்கித்தான் கைக்கு வருகிறது. அக்குள் கறையையும், தொடை உராயும் இடத்தையும், எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் திரும்புகிறதா என்பதையும் பார்த்தால் போதும். ஆனால் தேடப் பொறுமை வேண்டும், அவசரத்துக்கு உதவாது.

துணியைப் பார்க்கும் விதம்

எந்த வழியில் வாங்கினாலும் துணியின் சோதனை ஒன்றுதான். ஒரே அடுக்கை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துக் கையை உள்ளே விடுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் உள்ளாடையும் தெரியும். டீ-ஷர்ட்டுக்குச் சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடை, பேன்ட்டுக்கு 200க்கு மேல் இருந்தால் நல்லது. உள்ளங்கையால் துணியை அழுத்தித் தேயுங்கள். பஞ்சு எழும்பினால், சீக்கிரமே உருண்டை உருண்டையாக நூல் திரளும். பாலியஸ்டர் கலந்த துணியில் இது கூடுதல் தொல்லை, வலுவான இழை உருண்டைகளை உதிரவிடாமல் பிடித்துக்கொள்ளும். டீ-ஷர்ட்டைத் தோளோடு தோள் சேர்த்து மடித்துப் பக்கத்தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். கடையிலேயே கோணியிருந்தால் சலவையில் இன்னும் சுழலும்.

தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். இடையில் நூல் பல் காட்டக் கூடாது. நெசவுத்துணிச் சட்டையில் ஒரு இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். 7, 8 என்றால் வேகமாக ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள், விலை என்னவாக இருந்தாலும்.

ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் வேறு நிறத்தில் இன்னொன்று எடுக்கத் தோன்றும். எடுங்கள், ஆனால் அதையும் போட்டுப் பார்த்துத்தான். ஒரே மாடல், ஒரே சைஸ் என்றாலும் வேறு துணிக்கட்டிலிருந்து வெட்டியது அரை இன்ச் முன்பின்னாக இருக்கும். தைத்தது பொருந்திவிட்டால், அது புதிதாக இருக்கும்போதே தையற்காரரிடம் பழுப்புத்தாளில் அதன் வடிவத்தை எடுத்து, தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் மாறினாலும் கடை மூடினாலும் அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.