மதுரையில் அம்மா அப்பாவோடு தங்க: டவுன்ஹால் ரோடு லாட்ஜா, மாட்டுத்தாவணி ஓட்டலா?

எழுபதைத் தாண்டிய பெற்றோரோடு மதுரைக்குப் போகிறவர்கள் ரூம் தேடும்போது முதலில் கேட்பது, "கோயிலுக்கு எவ்வளவு தூரம்?" முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை படி?" ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை ஏற வேண்டிய படிகள் ஒரு கணக்கு, கட்டிலிலிருந்து கமோடு வரை தாண்ட வேண்டிய படிகள் இன்னொரு கணக்கு. இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

ஸ்டேஷன் எதிரே

ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் மேலவெளி வீதி. அதைக் கடந்தால் மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரத்தை நோக்கி நேராகப் போகிறது டவுன்ஹால் ரோடு; குறுக்கே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. வாடகை குறைந்த லாட்ஜுகள் இங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. கோபுரம் வரை சுமார் ஒரு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கே இட்லி கிடைக்கும், மருந்துக் கடையும் பக்கத்தில்.

சிக்கல் கட்டடத்தில். பல லாட்ஜுகளுக்கு முகப்பு குறுகல், கீழே கடைகள், மேலே நாலைந்து மாடி. ரிசப்ஷனுக்கே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். லிப்ட் அங்கிருந்துதான் தொடங்கும். "லிப்ட் இருக்கா?" என்று போனில் கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள், அது பொய்யும் இல்லை. "ரோட்டிலிருந்து லிப்ட் வரைக்கும் எத்தனை படி?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். இரும்புக் கிராதிக் கதவு போட்ட பழைய லிப்டில் சக்கர நாற்காலி நுழையாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிப்ட் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விளக்கும் விசிறியும் மட்டும் ஓடுகிற இடங்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் முதல் மாடிக்கு மேல் ரூம் வாங்காதீர்கள்.

இந்தப் பக்கத்து லாட்ஜுகளின் பெரிய பலம் 24 மணி நேர செக்-அவுட். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கி, அன்றிரவே பாண்டியனில் திரும்புகிறீர்கள் என்றால் ஒரு நாள் வாடகையோடு முடியும். பகல் 12 மணி செக்-அவுட் வைத்திருக்கும் ஓட்டலில், காலை ஐந்தரைக்கு நுழைந்தால் முந்தைய நாள் கணக்கு, 12-க்குப் பிறகு இன்னொரு நாள் கணக்கு. மறுநாள் இரவு கிளம்புகிறவர்களுக்கு லாட்ஜில் இரண்டு நாள், 12 மணி ஓட்டலில் மூன்று நாள்கூட ஆகலாம். ஆகவே 24 மணி நேரக் கணக்கில் 1,400 ரூபாய் ரூம், 12 மணிக் கணக்கில் 1,100 ரூபாய் ரூமைவிட மலிவாக முடிவது சாதாரணம். 24 மணி நேரம் என்று சொன்னாலும், அட்வான்ஸ் ரசீதில் நுழைந்த நேரத்தை எழுதி வாங்குங்கள். செயலி வழியாகப் பதிவு செய்தால் அதே லாட்ஜிலும் 12 மணி விதிதான் என்று சொல்லும் இடங்கள் உண்டு. நேரடியாகப் போன் செய்வது நல்லது.

"கோபுரம் தெரியும் ரூம்"

விளம்பரத்தில் அழகாக இருக்கும் இந்த வகையை நாங்கள் முதலிலேயே தள்ளிவிடச் சொல்வோம். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கோயிலை ஒட்டித் தங்கினால் பெட்டியையும் பெரியவரையும் ஆவணி மூல வீதிப் பக்கமிருந்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும். வாசலில் ஆட்டோ நிற்காத ஓட்டல் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்து என்ன பயன்?

மாட்டுத்தாவணி, கே.கே. நகர், அண்ணா நகர்

வெளியூர் பஸ் நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணி, ஜங்ஷனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்; மற்ற இரண்டும் சற்றுப் பக்கம். கட்டடங்கள் புதியவை, வாசல் வரை கார் வரும், லிப்ட் பெரும்பாலும் தரைத்தளத்திலிருந்தே கிளம்பும், ரூமுக்கு ரூம் கீசர் இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும், அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ மேலூர் ரோடு மீனாட்சி மிஷன் மருத்துவமனைக்கோ வருகிறவர்களுக்கும் வேறு யோசனையே வேண்டாம், இந்தப் பக்கம்தான்.

கோயிலுக்காக வருகிறவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது. மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் சாத்திவிட்டு மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். காலையும் மாலையும் தரிசனம் வேண்டுமென்றால் நடுவில் ரூமுக்கு வந்து படுத்தே ஆக வேண்டும். அப்படியானால் ஒரே நாளில் நாலு ஆட்டோ சவாரி, ஒவ்வொன்றும் நெரிசலில். மாட்டுத்தாவணியில் வாடகை கொஞ்சம் மிச்சமானாலும் அது இதில் கரைந்துவிடும். ஒரே வேளை தரிசனம் போதும் என்றால் இந்தப் பக்கமே சுகம்.

அகலமான சாலைகளைக் கடந்து சாப்பிடப் போவது முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. உள்ளேயே உணவகம் இருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் எட்டரை மணி வரை காத்திருக்க முடியாது.

புதிய ஓட்டல்களில் இன்னொரு வம்பு. சாவிக்குப் பதில் அட்டை. அதைச் சுவர்ப் பெட்டியில் செருகினால்தான் மின்சாரம். நீங்கள் அட்டையோடு மருந்து வாங்கப் போனால் உள்ளே அப்பா இருட்டில் உட்கார்ந்திருப்பார். செக்-இன் நேரத்திலேயே இரண்டாவது அட்டை கேட்டு வாங்குங்கள்.

ரயில்வே ஓய்வறையும் தமிழ்நாடு ஓட்டலும்

ஓய்வறைக்கு உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதியலாம். வண்டியை விட்டு இறங்கி ரோட்டைக்கூடக் கடக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. ஒரு குளியல், ஆறு மணி நேர ஓய்வு என்றால் இதை மிஞ்ச எதுவுமில்லை. இரவுத் தூக்கத்துக்கு அறிவிப்புச் சத்தம் பகை. பொதுக் கழிப்பறை கொண்ட டார்மிட்டரி வேண்டவே வேண்டாம்.

சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் அழகர்கோவில் ரோட்டில் உண்டு. நெரிசலான தெருவை விட்டு விலகிய இடம். ரூமுக்கு ரூம் பராமரிப்பு வேறுபடலாம், பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்கே தங்கினாலும் பாத்ரூம்

பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். வாசற்படி நாலு முதல் ஆறு அங்குலம் உயர்ந்திருந்தால், இரவில் தூக்கக் கலக்கத்தில் கால் இடறும். "வெஸ்டர்ன் டாய்லெட்" என்ற சொல்லை நம்பி நிறுத்திவிடாதீர்கள். சாதாரணக் கமோடு 16 அங்குல உயரம்தான் இருக்கும், முட்டி மடங்காதவர்களுக்கு 18, 19 தேவை. சர்ஜிகல் கடையில் கமோடு மேல் பொருத்தும் நாலு அங்குல பிளாஸ்டிக் இருக்கை கிடைக்கிறது. ஒரு பையில் அடங்கும்.

துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது சுவரோடு பெயர்ந்து வரும். பிடிமானக் கம்பி இல்லாத இடத்தில், கையைச் சுவரில் ஊன்றும்படி கமோடு மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். தாழ் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். குளிக்க உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டால் எந்த லாட்ஜிலும் தருவார்கள். கால் ஆடாததாகப் பார்த்து வாங்குங்கள். வெந்நீர் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை மட்டும் என்ற விதி பழைய லாட்ஜுகளில் உண்டு. இரவு முழுக்க பாத்ரூம் விளக்கை எரியவிட்டு, கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.

வாடகை பேசும்போது வரியையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 1,400 ரூபாய் ரூம் 1,470 ஆகும். 12 சதவீதம் என்று பழைய கணக்குச் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் கைவிட்டுப்போனால் கூப்பிட வழியில்லை. லாட்ஜின் விசிட்டிங் கார்டில் ரூம் எண்ணை எழுதி அம்மாவின் கைப்பையிலோ அப்பாவின் சட்டைப்பையிலோ வைத்துவிடுங்கள். முக்குறுணி விநாயகர் சந்நிதி போல ஓர் இடத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும்போது டவுன்ஹால் ரோட்டுக்கு ஆட்டோ வருவதே பாடு, வாடகையும் ஏறிவிடும். அந்த வாரத்தில் மட்டும் கோயிலுக்கென்றே வந்தாலும் மாட்டுத்தாவணிப் பக்கம் எடுங்கள்.